முக்கால் தீவும் முழுத் தீவும்

பணி ஓய்வு பெற்ற நாளில் அலுவலகத்தில் சால்வை போர்த்தி, ஒரு சுவர்க் கடிகாரமும் கொடுத்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்ததும் என் மனைவியிடம் ஒரு வாக்குக் கொடுத்தேன். "இனிமே நமக்கு என்ன வேலை? ஒரு தடவை அந்தமான் தீவுக்குப் போய்ட்டு வரலாம். கடற்கரையில நாலு நாள் சும்மா உக்காந்துட்டு வரலாம்" என்றேன். அவள் கடிகாரத்தை எந்தச் சுவரில் மாட்டலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். "தீவுக்கா? நான் வரலைங்க. நீங்க வேணா போய்ட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு ஆணி எடுக்கப் போய்விட்டாள்.

அதற்கான காரணம் எனக்குத் தெரியும். அதைப் பின்னால் சொல்கிறேன். அதற்குப் பிறகு அந்தமான் பேச்சை வருஷத்துக்கு ஒரு தடவை எடுப்பேன். வருஷத்துக்கு ஒரு தடவை அவள் அதே பதிலைச் சொல்வாள். இதற்குள் எனக்குச் சர்க்கரை வந்தது, அவளுக்கு மூட்டுவலி வந்தது. அந்தமான் தானாகவே தள்ளிப் போய்விட்டது.

போன தை மாதம் பொங்கலுக்கு வந்த பேரன், "தாத்தா, நம்ம ஊர்ல தீவு இருக்கா?" என்று கேட்டான். பள்ளியில் ஏதோ பாடமாம். "நாம உக்காந்திருக்கிற இடத்துக்குப் பக்கத்துலயே முக்கால் தீவு ஒண்ணு இருக்கு, சிதம்பரம் பக்கம் போனா முழுத் தீவு அம்பதுக்கு மேல இருக்கு" என்றேன். அவன் நம்பவில்லை. என் மனைவியும் நம்பவில்லை. ஆனால் பேரன் ஊருக்குப் போன மறுநாள், அவளாகவே கேட்டாள்: "அந்த அம்பது தீவைப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்?" நான் விடுவேனா? சிதம்பரத்தில் இரண்டு ராத்திரி தங்குவது, நடராஜர் தரிசனம், பிச்சாவரம் படகு என்று திட்டம் போட்டுவிட்டேன். "படகு மட்டும்தான். கடல் பக்கம் வர மாட்டேன்" என்பது அவள் போட்ட நிபந்தனை.

மஞ்சக்குப்பத்திலிருந்து சிதம்பரத்துக்கு அதிகம் போனால் ஒன்றரை மணி நேரம். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் அவள், பக்கத்தில் நான். தாலுகா ஆபீசில் முப்பது வருஷத்துக்கு மேல் நிலம், பட்டா, அடங்கல் என்று குப்பை கொட்டியவன் நான். பேச ஆள் கிடைத்தால் சும்மா இருப்பேனா? "முக்கால் தீவு"க் கதையை ஆரம்பித்தேன். பஸ்ஸில் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

நம்ம தேவனாம்பட்டினத்தை ஒரு நிமிஷம் மனதில் வரைந்து பாருங்கள். கிழக்கே கடல். தெற்கே கெடிலம் கடலில் கலக்கும் முகத்துவாரம். வடக்கே தாழங்குடா பக்கம் தென்பெண்ணை முகத்துவாரம். நடுவில் கழியும் உப்பங்கழிச் சேறும் தாழ்ந்த நிலமும். இன்றைக்கு நாம் ஸ்கூட்டரில் பத்து நிமிஷத்தில் சில்வர் பீச்சுக்குப் போய்விடுகிறோம். அதனால் அந்த இடத்தின் அமைப்பு நமக்குத் தெரிவதில்லை. ரோடும் பாலமும் இல்லாத காலத்தில் அது மூன்று பக்கமும் தண்ணீர் காத்து நின்ற இடம்.

இதைத்தான் 1690இல் ஆங்கிலேயர்கள் பார்த்தார்கள். அப்போது செஞ்சிக் கோட்டையில் சிவாஜியின் மகன் ராஜாராம் இருந்தார். அவுரங்கசீப்பின் படை அவரைத் துரத்திக்கொண்டு வந்திருந்தது. செஞ்சி முற்றுகை எட்டு வருஷம் நடந்தது என்பது உங்களுக்குத் தெரியும். முற்றுகையில் இருப்பவருக்குப் பணம் வேண்டும். ஆங்கிலக் கம்பெனிக்கோ சென்னைக்குத் தெற்கே காலூன்ற ஓர் இடம் வேண்டும். தேவனாம்பட்டினத்தில் ஏற்கெனவே ஒரு சிறு கோட்டை இருந்தது. அதை விலைக்கு வாங்கினார்கள். அப்போது சென்னையில் கவர்னராக இருந்தவர் எலிஹு யேல். பின்னாளில் அமெரிக்காவில் ஒரு கல்லூரிக்கு நன்கொடை கொடுத்து, யேல் பல்கலைக்கழகம் என்று தன் பெயர் நிலைக்கச் செய்துகொண்டாரே, அவரேதான். அவருடைய பூர்வீகம் வேல்ஸ். வேல்ஸ் நாட்டின் புனிதர் டேவிட். கோட்டைக்கும் அந்தப் பெயரே வந்தது: செயின்ட் டேவிட் கோட்டை.

விற்பனையில் எனக்குப் பிடித்த பகுதி எல்லை குறிப்பதுதான். கோட்டையிலிருந்து ஒரு பீரங்கி சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ, அவ்வளவு தூரத்துக்குள் இருக்கும் ஊர்களெல்லாம் கம்பெனிக்கு. சென்னையிலிருந்து நல்ல பீரங்கியாகப் பார்த்து வரவழைத்து, 1690 செப்டம்பரில் நாலா பக்கமும் சுட்டார்கள். கடலூர்ப் பட்டணமும் அந்த எல்லைக்குள் வந்துவிட்டது. அப்படி வந்த ஊர்களுக்கு "குண்டு கிராமங்கள்" என்று பெயர். நம்ம குண்டு உப்பலவாடியும் குண்டு சாலையும் அந்தப் பெயரைத்தான் இன்னும் சுமந்துகொண்டிருக்கின்றன என்று பெரியவர்கள் சொல்வார்கள்.

நான் சங்கிலி போட்டு நிலம் அளந்த துறையிலிருந்து வந்தவன். ஒரு முழம் தவறினால் பங்காளிகள் மண்டையை உடைத்துக்கொள்வதைப் பார்த்தவன். அளவுகோலை வாங்குபவனே கொண்டுவந்து, அவனே அளந்து, அவனே எல்லை சொன்ன பத்திரம் இது ஒன்றுதான் இருக்கும் என்று மனைவியிடம் சொன்னேன். "குண்டு விழுந்த இடத்துல இருந்தவங்களை யாராவது கேட்டாங்களா?" என்றாள் அவள். கேட்கவில்லை. அந்தக் கேள்வியை எந்தப் பத்திரத்திலும் நான் பார்த்ததில்லை.

பஸ் ஆலப்பாக்கம் தாண்டியது. நான் 1746க்கு வந்தேன்.

அந்த வருஷம் பிரெஞ்சுக்காரர் லாபூர்தொனே கப்பல் படையோடு வந்து சென்னையைப் பிடித்துவிட்டார். சென்னையில் கைதான ஆங்கிலேயர்களில் இருபத்தோரு வயது குமாஸ்தா ஒருவன், நம்ம ஊர்க்காரர் மாதிரி வேஷம் போட்டுக்கொண்டு தப்பித்து, தெற்கே நடந்து வந்து சேர்ந்த இடம் தேவனாம்பட்டினம். அவன் பெயர் ராபர்ட் கிளைவ். சென்னை கைவிட்டுப் போனதால் சோழமண்டலக் கரையில் ஆங்கிலேயருக்குத் தலைநகரமே நம்ம தேவனாம்பட்டினம்தான். 1752 வரை அப்படித்தான் இருந்தது. இந்திய ராணுவத்தின் தந்தை என்று சொல்லப்படும் ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ் 1748இல் வந்து இறங்கியதும் இங்கேதான்.

புதுச்சேரியில் இருந்த டூப்ளே இந்த முக்கால் தீவைப் பிடிக்கப் பலமுறை முயன்றார், முடியவில்லை. 1746 டிசம்பரில் அவருடைய படை மஞ்சக்குப்பத்தில் இருந்த தோட்ட மாளிகை வரை வந்துவிட்டது. தோட்ட மாளிகை என்பது கோட்டையில் இருந்த கம்பெனி துரைகள் காற்று வாங்கப் போன வீடு. பிரெஞ்சு வீரர்களும் அங்கே வந்ததும் ஓய்வாகக் கலைந்து உட்கார்ந்துவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து ஆற்காடு நவாபின் மகன்கள் படையோடு வந்து மோத, அவர்கள் அள்ளியது போட்டது என்று ஓடவேண்டியதாயிற்று. அடுத்த மார்ச்சில் மறுபடி வந்தார்கள். அந்தச் சமயம் ஆங்கிலக் கப்பல்கள் கடலில் வந்து நின்றன. அவர்கள் திரும்பிப் போனார்கள்.

பத்து வருஷம் கழித்து 1758இல் லாலி வந்தார். அவரும் பிரெஞ்சுக்காரர்தான். இந்தத் தடவையும் அதே கோட்டை, அதே ஆறு, அதே கழி. ஆனால் கடலில் ஆங்கிலக் கப்பல் வந்து சேரவில்லை. ஜூன் 2ஆம் தேதி கோட்டை சரணடைந்தது. லாலி அதை வெடிவைத்துத் தகர்த்தார். அதற்குப் பிறகு அது பழைய நிலைக்கு எழவே இல்லை. இன்றைக்குக் கெடிலக் கரையில் செடிகொடிக்கு நடுவே செங்கல் சுவர்த் துண்டுகளாக இருப்பதுதான் ஒரு காலத்துத் தலைநகரம்.

"அப்ப தண்ணி காப்பாத்தலை" என்றாள் மனைவி.

நான் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். இத்தனை வருஷம் இந்தக் கதையைப் படித்தும் சொல்லியும் வந்திருக்கிறேன். ஆறும் கழியும் கோட்டையைக் காத்தன என்றுதான் நினைத்திருந்தேன். அவள் சொன்னதும்தான் கணக்கைத் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். 1747இல் கப்பல் வந்தது, கோட்டை நின்றது. 1758இல் கப்பல் வரவில்லை, கோட்டை விழுந்தது. அதே தண்ணீர்தான் இரண்டு தடவையும் சுற்றிலும் இருந்தது.

பஸ் அப்போது பி.முட்லூர் பக்கம் வந்திருந்தது. இந்தப் பக்கத்தில்தான் 1781 ஜூலை 1ஆம் தேதி ஹைதர் அலிக்கும் சர் அயர் கூட்டுக்கும் பெரிய சண்டை நடந்தது. பரங்கிப்பேட்டைப் போர் என்று சரித்திரப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். ஹைதரின் குதிரைப்படை ஊர் ஊராக நெல்லையும் மாட்டையும் அப்புறப்படுத்திவிட்டது. கூட்டின் படைக்குச் சாப்பாட்டு அரிசி கடல் வழியாகத்தான் வரவேண்டும். அதனால் அவர் கடலை விட்டு விலக முடியாமல் கரையோரமாகவே நகர்ந்தார். இரண்டு வருஷம் கழித்து 1783 ஜூனில் கடலூரையே ஆங்கிலேயர் முற்றுகையிட்டார்கள். உள்ளே பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி. கடலில் பிரெஞ்சுக் கப்பல்தலைவர் சுஃப்ரான், ஜூன் 20ஆம் தேதி ஆங்கிலக் கப்பல்களை விலகிப் போகவைத்துவிட்டார். முற்றுகை போட்டவர்களே முற்றுகையில் இருப்பது போல ஆகிவிட்டது. ஐரோப்பாவில் சமாதானம் ஆகிவிட்டது என்ற சேதி வந்து இரண்டு பேரையும் காப்பாற்றியது.

ஆக, நம்ம கரையில் நூறு வருஷச் சரித்திரம் சொல்வது ஒன்றுதான். தீவில் இருப்பவன் பலம் அவனைச் சுற்றி இருக்கும் தண்ணீரில் இல்லை. அவனிடம் வந்து சேரும் படகில் இருக்கிறது.

சிதம்பரத்தில் இறங்கி அறைக்குப் போய்ப் பையை வைத்துவிட்டு, கோயிலுக்குப் போனோம். மறுநாள் காலை கொத்சு தொட்டு இட்லி. சிதம்பரம் கொத்சுக்குக் கடலூரில் பதில் கிடையாது, இதை நான் கடலூர்க்காரனாக இருந்தே ஒப்புக்கொள்கிறேன். அதற்குப் பிறகு பிச்சாவரம்.

சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுத் துறையில் சீட்டு வாங்கி, ஆரஞ்சுச் சட்டையை மாட்டிக்கொண்டோம். துடுப்புப் படகுதான் எடுத்தேன். மோட்டார் படகு வாய்க்காலுக்குள் நுழையாது, சத்தமும் அதிகம். படகுக்காரத் தம்பிக்கு முப்பது வயது இருக்கும். "அம்மா நடுவுல உக்காருங்க, ஐயா இந்தப் பக்கம்" என்று எடை பார்த்து உட்காரவைத்தார்.

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் சுமார் 1,100 ஹெக்டேர் அலையாத்திக் காடு. 51 திட்டுகள் என்று கணக்கு. 2022இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. இரண்டு பக்கமும் சுரபுன்னை மரங்கள் கால்களைத் தண்ணீரில் ஊன்றிக்கொண்டு, நடந்து வருவது போல நிற்கும். கரைப்பக்கம் கொஞ்சம் உள்ளே தில்லை மரம். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பேர் வந்ததே இந்த மரத்தால்தான். இன்றைக்குத் தில்லையில் தில்லைக் காடு கிடையாது, மரத்தைப் பார்க்க பிச்சாவரத்துக்குத்தான் வரவேண்டும். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. என் மனைவி அதைக் கேட்டதும் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

"எம்.ஜி.ஆர். இதயக்கனி படம் இங்கதான் எடுத்தாரு" என்று தம்பி ஆரம்பித்தார். அந்தப் படம் வந்தது 1975. தம்பி பிறப்பதற்கு இருபது வருஷம் முன்னால். ஆனாலும் கூடவே இருந்தவர் மாதிரி எந்த வாய்க்கால், எந்தத் திருப்பம் என்று காட்டினார். நாங்கள் இரண்டு பேரும் கல்யாணமான புதிதில் சேர்ந்து பார்த்த முதல் படம் அது. அதை நான் சொல்லவில்லை, அவள்தான் தம்பியிடம் சொன்னாள். அதோடு அவள் இறுக்கம் கொஞ்சம் தளர்ந்தது.

இந்தக் காடு முழுக்கத் தானாக வளர்ந்து நிற்பது என்று நினைத்திருந்தேன். அப்படியல்ல. வெள்ளைக்காரர் காலத்திலிருந்து முறை வைத்து மொட்டையாக வெட்டி விறகாக்கினார்கள். வெட்டிய இடம் வெயிலில் காய்ந்து தட்டுப் போலப் பள்ளமாகிவிட்டது. ஓதம் ஏறும்போது உள்ளே வந்த தண்ணீர் வடியாமல் நின்று, ஆவியாகி, உப்பு ஏறி, அங்கே எந்தக் கன்றும் பிழைக்கவில்லை. 1990களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து, மீன் முள் போல நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், இரண்டு பக்கமும் சாய்வாகச் சிறு வாய்க்கால்கள் வெட்டினார்கள். ஓதத் தண்ணீர் வந்து போக வழி கிடைத்தது. அதற்குப் பிறகு வைத்த கன்றுகள் பிழைத்தன. தண்ணீர் வந்தால் மட்டும் போதாது, போகவும் வழி வேண்டும். வயலில் வடிகால் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல.

மத்தியானம் படகுத் துறைக்குத் திரும்பியதும், அவள் கேட்டாள்: "எம்.ஜி.ஆர். திட்டுன்னு ஒண்ணு இருக்கே, அது எந்தப் பக்கம் தம்பி?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தப் பெயரை அவள் வாயிலிருந்து நான் கேட்டது பல வருஷங்களுக்கு அப்புறம். அவர் கிழக்கே கை காட்டினார். "காட்டுக்கு அந்தாண்ட, கடல் ஓரம். இப்ப அங்க யாரும் குடி இல்லைம்மா."

இப்போது காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். என் மனைவி அரசு மருத்துவமனையில் நர்ஸாக வேலை பார்த்தவள். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, மார்கழிப் பௌர்ணமி. அன்று அவளுக்குக் காலை டூட்டி. எட்டே முக்கால் மணிவாக்கில் தேவனாம்பட்டினத்தில் கடல் ஊருக்குள் வந்தது. சுனாமி என்ற வார்த்தை அன்று காலை நம்மில் யாருக்கும் தெரியாது. அவளும் மற்றவர்களும் நீரில் மூழ்கியவர் என்றே எழுதி எழுதி, பிறகு எழுதுவதையே நிறுத்திவிட்டு வேலையைப் பார்த்தார்கள். கடலூர் மாவட்டத்தில் மட்டும் இறந்தவர்கள் அறுநூறுக்கும் மேல். அதில் குழந்தைகளும் பெண்களும் எவ்வளவு என்பதை நம் ஊரில் இருந்த எல்லோரும் அறிவோம். மூன்று நாள் கழித்துத்தான் அவள் வீட்டுக்கு வந்தாள். எதுவும் சொல்லவில்லை. ஒரே ஒரு விஷயம் மட்டும் பல மாதம் கழித்துச் சொன்னாள். எம்.ஜி.ஆர். திட்டிலிருந்து வந்த ஒரு அம்மா, "ஓடறதுக்குத் தரை இல்லையே, நாலு பக்கமும் தண்ணிதானே" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருந்தாராம்.

அதற்குப் பிறகு அவள் சில்வர் பீச்சுக்கு வந்ததில்லை. மாசி மகத்துக்குச் சுற்றுவட்டாரத்துச் சாமிகளெல்லாம் தேவனாம்பட்டினத்தில் தீர்த்தவாரிக்கு வரும்போதும் வரமாட்டாள். ஒரு விஷயத்தை இங்கே நினைத்துப் பார்க்கவேண்டும். கடற்கரைக்குச் சும்மா உட்காரப் போவது நம் பெரியவர்களுக்குப் பழக்கமில்லை. மாசி மகம், ஆடி அமாவாசை, தை அமாவாசை, காணும் பொங்கல், அதை விட்டால் தை ஐந்தாம் நாள் பெண்ணையாற்றில் ஆற்றுத் திருவிழா. தண்ணீரைப் பார்க்கப் போவதென்றால் சாமியோடும் கூட்டத்தோடும் போவார்கள், வேலை முடிந்ததும் திரும்புவார்கள். மீனவர்களுக்கு அது தொழில் செய்யும் இடம். ஓய்வுக்காகக் கடலோரம் என்பது தோட்ட மாளிகைத் துரைகளிடமிருந்து வந்து, பிறகு நமக்கும் தொற்றிய பழக்கம். அதனால் அவள் பயத்தை நான் கோழைத்தனம் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

"நாளைக்கு அங்க போகலாமா?" என்று அவளே கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

மறுநாள் விடியற்காலையில் கிள்ளைப் பக்கம் போய், தெரிந்தவர் மூலமாக ஒரு ஃபைபர் போட் ஏற்பாடு செய்துகொண்டோம். ஓட்டியவர் ஐம்பது வயதுக்காரர். போகும் வழியில் அவர் எதையும் விளக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. காடு முடிந்ததும் சட்டென்று வெளிச்சம். ஒரு பக்கம் கழி, ஒரு பக்கம் கடல், நடுவில் நீளமான மணல் திட்டு. நாலைந்து பனை, கொஞ்சம் அடப்பங்கொடி, உலர்ந்த வலை, மேலே பருந்து. கடற்கரையில் எங்களையும் சேர்த்து மூன்றே பேர். அந்தமானில் பணம் கொடுத்தாலும் இவ்வளவு அமைதி கிடைத்திருக்குமா தெரியாது.

அவள் மணலில் இறங்கியதும் முதலில் கடலைப் பார்க்கவில்லை. திரும்பிக் காட்டைப் பார்த்தாள். "இங்கிருந்து அந்தக் கரைக்குப் போக எவ்வளவு நேரம்?" என்று கேட்டாள். "மோட்டார்னா பத்து பதினஞ்சு நிமிஷம்மா" என்றார் அவர். "அன்னைக்கு?" என்றாள். அவர் மணலைக் காலால் தள்ளிக்கொண்டே சொன்னார்: "அன்னைக்கு போட்டுங்கதான் மொதல்ல போச்சு."

அங்கே இருந்த ஊர் முழுசாக அழிந்தது. பிழைத்தவர்களைக் கிள்ளைப் பக்கம் கரையில் குடிவைத்தார்கள். இப்போது மீன் பிடிக்க வருவார்கள், இருட்டுமுன் திரும்பிவிடுவார்கள்.

காடு காப்பாற்றியதா என்று ஆராய்ச்சி செய்தவர்கள் உண்டு. பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்தின் பேராசிரியர் கதிரேசனும் ராஜேந்திரனும் இந்தக் கரையில் 18 குக்கிராமங்களை எடுத்துக்கொண்டு 2005இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு என்றார்கள். மறு வருஷமே வெளிநாட்டு ஆய்வாளர்கள் சிலர் அதே புள்ளிவிவரத்தை எடுத்துப் பார்த்து, கடலிலிருந்து எவ்வளவு தூரம், எவ்வளவு மேட்டில் என்பதுதான் பெரிய காரணம், காட்டின் பங்கைப் பெரிதாகச் சொல்லிவிடக்கூடாது என்று மறுத்தார்கள். இரண்டு தரப்பையும் படித்த பிறகு எனக்குத் தோன்றியது இதுதான். காட்டுக்குப் பின்னால் இருப்பவர்கள் பெரும்பாலும் தூரத்திலும் மேட்டிலும் இருப்பவர்கள்தானே, இரண்டையும் பிரிப்பது சுலபமில்லை. ஆனால் எம்.ஜி.ஆர். திட்டைப் பற்றி இரண்டு தரப்புக்கும் சண்டையே வராது. அது காட்டுக்கு முன்னால் இருந்தது. கடலுக்கும் காட்டுக்கும் நடுவில், தாழ்வான மணலில் இருந்தது.

இதையெல்லாம் அந்த மணலில் நின்று நான் அவளிடம் சொல்லவில்லை. பஸ்ஸில் பேசுவது வேறு, அங்கே பேசுவது வேறு. எலுமிச்சைச் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு போயிருந்தோம். படகுக்காரருக்கும் ஒரு இலையில் வைத்தாள். பனை நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அவர் ஒரு தடவை எழுந்து போய்ப் படகின் கயிற்றைப் பார்த்துவிட்டு வந்தார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி எழுந்து போனார். அவள் அதைக் கவனித்துக்கொண்டே இருந்தாள்.

சாப்பிட்டுக் கை கழுவ அவள் கடல் பக்கம் போனாள். நான் போகவில்லை. அலை வந்து கணுக்கால் வரை நனைத்தது. குனிந்து கையைக் கழுவினாள், இன்னொரு கை தண்ணீர் எடுத்துத் தலையில் தெளித்துக்கொண்டாள், மாசி மகத்தில் செய்வது போல. பையில் வைத்திருந்த பூவில் கொஞ்சம் கிள்ளிப் போட்டாள். பிறகு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு மணி நேரம் நாங்கள் அங்கே சும்மாதான் உட்கார்ந்திருந்தோம். நான் ஓய்வு பெற்ற அன்று கொடுத்த வாக்கு அதுதானே.

திரும்பும்போது அவள் சொன்னாள்: "உங்க கிளைவ் கதையில சொன்னீங்களே, கப்பல் வந்தா கோட்டை நிக்கும்னு. அந்த ஆளு ரெண்டு தடவை போய்க் கயித்தைப் பார்த்தாரு பாருங்க. அவருக்குத் தெரிஞ்சிருக்கு."

வீட்டுக்கு வந்து இரண்டு வாரம் ஆகிறது. கேட்டுத் தெரிந்துகொண்டு எழுதி வைத்திருக்கிறேன்: தேவனாம்பட்டினத்திலிருந்து மேட்டுப் பகுதிக்கு எத்தனை வழி, எது எப்போது அடைபடும், 2011 தானே புயலில் எந்த ரோடு எத்தனை நாள் மரம் விழுந்து கிடந்தது. பேரனுக்குத் தீவு பற்றிய பாடத்துக்கு அனுப்பிய பதிலில் இதையும் சேர்த்தேன். தீவு என்றால் நான்கு பக்கமும் நீர் சூழ்ந்த நிலப்பகுதி என்று புத்தகத்தில் இருக்கும். அதற்குக் கீழே, "வெளியே வர வழி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளவும்" என்று பாட்டி சொன்னதாக எழுதச் சொல்லியிருக்கிறேன்.

இந்த மாசி மகத்துக்குச் சில்வர் பீச்சுக்குப் போகலாம் என்று அவளே நாள் பார்த்து, நாள்காட்டியில் வட்டம் போட்டு வைத்திருக்கிறாள். அந்தச் சுவர்க் கடிகாரத்துக்குப் பக்கத்தில்தான் நாள்காட்டி தொங்குகிறது.